அத்தியாயம் 7: எடைபோடாத பிள்ளை

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், தெற்கு ஓரத்தில், தென்பெண்ணையாற்றை ஒட்டி இருக்கிறது குருவிநத்தம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். இப்படி ஓர் ஊரின் பால்வாடியில் எடைபோடும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் வரிசையில் நிற்கும். ஒரு பிள்ளை மட்டும் வராது. நிற்க முடியாத பிள்ளையைத் தராசில் எப்படி ஏற்றுவது என்று ஊழியருக்குத் தயக்கம். நாலு பேர் பார்க்க இடுப்பில் தூக்கிக்கொண்டு வர அம்மாவுக்குத் தயக்கம். பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் கட்டம் மாதாமாதம் காலியாகவே கிடக்கும். போய்க் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "அந்தப் புள்ள அப்படித்தான் இருக்கும் டீச்சர்."

அந்தக் காலிக் கட்டத்தை நிரப்புவது எப்படி, நிரப்பியபின் என்ன செய்வது என்பதே இந்த அத்தியாயம். அங்கன்வாடி ஊழியர், ஆஷா, மறுவாழ்வுப் பணியாளர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. பிள்ளையை மடியில் வைத்திருக்கும் அம்மாவும் ஆயாவும் படித்தால் இன்னும் நல்லது.

ஏன் மெலிகிறது?

மூளை முடக்குவாதத்தால் கையும் காலும் இறுகிப்போன பிள்ளை ஒட்டி உலர்ந்திருப்பது அந்தக் குறைபாட்டின் குணம் என்று பலரும் நம்புகிறார்கள். மூளை முடக்குவாதம் தசையை இறுக்கும், உடம்பை வளைக்கும். அந்தப் பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் எட்டாமல் போவதும் உண்டு. ஆனால் விலா எண்ணும்படி மெலிந்திருந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். தேவையான சாப்பாடு வயிற்றுக்குள் போய்ச் சேரவில்லை.

தட்டில் சோறு இல்லாததால் மட்டும் இது நடப்பதில்லை. அதே வீட்டில், அதே சட்டியில் தின்னும் அக்காவும் தம்பியும் நன்றாக இருப்பார்கள். இந்தப் பிள்ளைக்கு உதடு மூடாது, நாக்கு சோற்றை வெளியே தள்ளும், மெல்ல வராது, விழுங்கும்போது புரையேறும். புரையேறுகிறதே என்று பயந்து வீட்டார் சோற்றைக் கஞ்சியாக்குவார்கள், கஞ்சியை நீராக்குவார்கள். ஒரு வேளை ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். கழனி வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற அம்மாவுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு நாளில் மூன்று முறை கிடைக்காது. போதாக்குறைக்கு மாதம் ஒரு சளிக் காய்ச்சல் வந்து, சேர்ந்த கொஞ்ச எடையையும் கரைத்துவிடும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அல்ல. உலகில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் ஏறத்தாழ 24 கோடிப் பேர் என்று யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் மெலிந்திருக்கும் வாய்ப்பு 25 சதவீதமும், வளர்ச்சி குன்றியிருக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் அதிகம் என்பது அதே அறிக்கையின் கணக்கு.

பல குடும்பங்கள் கடன் வாங்கியாவது பிசியோதெரபிக்குப் போகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம். எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளையின் தசைக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் பலம் கூடாது. பயிற்சியை நிறுத்த வேண்டாம். சாப்பாட்டை அதற்கு முன்னால் வையுங்கள்.

முதல் வேலை: அளப்பது

*எடை.* பெரியவர்கள் ஏறும் தராசு போதும். முதலில் அம்மா மட்டும் ஏறட்டும். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். கால் கட்டை, ஷூ, கனத்த துணி எல்லாவற்றையும் முதலிலேயே கழற்றிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே தராசு, அதே நேரம்.

*உயரம்.* பெரிய தப்பு நடப்பது இங்கேதான். முட்டி மடங்கி, முதுகு வளைந்த பிள்ளையைப் பலகையில் கிடத்தி அளந்தால் உயரம் குறைவாகத்தான் வரும். அந்தக் குறைந்த உயரத்துக்கு அந்த எடை சரியாக இருப்பதுபோல் தெரியும். மெலிந்த பிள்ளை பதிவேட்டில் நல்ல பிள்ளையாகிவிடும்.

இதற்கு ஒரு வழி உண்டு. முட்டியையும் கணுக்காலையும் செங்கோணமாக மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முட்டியின் மேல்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். இறுக்கம் குறைவான காலில் அளப்பது நல்லது. 2 முதல் 12 வயது வரை உள்ள மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு ஸ்டீவன்சன் என்ற மருத்துவர் 1995இல் தந்த கணக்கு இது:

உயரம் (செ.மீ.) = முட்டி உயரம் × 2.69 + 24.2

ஓர் உதாரணம். நாலு வயதுப் பையன். அம்மாவின் எடை 46.6 கிலோ, பையனோடு சேர்ந்து 56.6. பையனின் எடை 10 கிலோ. பலகையில் சுருண்டபடி அளந்தால் உயரம் 82 செ.மீ. வருகிறது. 82 செ.மீ.க்கு 10 கிலோ என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்றே உயரத்துக்கேற்ற எடை அட்டவணை சொல்லும். இப்போது முட்டி உயரத்தைப் பாருங்கள்: 26 செ.மீ. அதை 2.69ஆல் பெருக்கினால் 69.9; 24.2 கூட்டினால் 94.1 செ.மீ. அந்த உயரத்துக்கு 10 கிலோ என்பது கடும் மெலிவு. பையன் மாறவில்லை, தராசும் மாறவில்லை. டேப்பை எங்கே வைத்தோம் என்பதுதான் மாறியது.

*கைச்சுற்றளவு.* 6 மாதம் முதல் 5 வயது வரை மேல்கையின் நடுவில் அளக்கும் பட்டை இங்கேயும் உதவும். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் கடும் மெலிவு, 11.5 முதல் 12.5க்குக் கீழ் வரை மிதமான மெலிவு. ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் நல்ல கையில் அளக்க வேண்டும். இரண்டு பாதத்தின் மேற்புறத்தையும் கட்டை விரலால் 3 விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால் அது ஊட்டக்குறைவு வீக்கமாக இருக்கலாம். எடை எவ்வளவு காட்டினாலும் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது வேலை: ஒரு வேளை சாப்பாட்டை உட்கார்ந்து பார்ப்பது

அறிவுரையை வாசலில் நின்று சொல்லாதீர்கள். சாப்பாட்டு நேரத்துக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"ஆயா, காலையில புள்ளைக்கு என்னா குடுத்தீங்க?"

"கஞ்சிதாம்மா. வேற என்னா எறங்குது அதுக்கு?"

"எவ்ளோ நேரம் ஆவுது?"

"அது ஆவும் ஒரு மணி நேரம். பாதி சட்டையிலதான் கெடக்கும். வாய மூடிக்கிச்சின்னா மூக்கப் புடிச்சி ஊத்திடுவேன். இல்லன்னா பட்டினியில்ல கெடக்கும்?"

கடைசி வாக்கியம் காதில் விழுந்ததும் அதட்டத் தோன்றும். அதட்டாதீர்கள். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்ற பாசத்தில்தான் அந்த ஆயா மூக்கைப் பிடிக்கிறார். "நானும் ஒரு வாய் ஊட்டிப் பாக்கட்டுமா ஆயா?" என்று கேட்டு வாங்குங்கள். நீங்கள் ஊட்டிப் பார்த்தால்தான் அவர் படும் பாடு உங்களுக்கும் தெரியும்.

பார்க்கும்போது குறித்துக்கொள்ள வேண்டியவை:

- பிள்ளை படுத்திருக்கிறதா, உட்கார்ந்திருக்கிறதா? தலை பின்னால் சாய்ந்திருக்கிறதா?
- ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடைவெளி இருக்கிறதா?
- இருமல் வருகிறதா? தண்ணீருக்கு வருகிறதா, சோற்றுக்கு வருகிறதா?
- சாப்பிட்டபின் குரலில் நீர் தேங்கியதுபோன்ற கரகரப்பு கேட்கிறதா?
- எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு கீழே போனது?
- முழு வேளைக்கு எத்தனை நிமிடம்?
- கடந்த 3 மாதத்தில் எத்தனை முறை நெஞ்சுச் சளிக்கு மருந்து வாங்கினார்கள்?

கடைசிக் கேள்வி முக்கியம். சில பிள்ளைகளுக்கு உணவு மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமலே வராது. சத்தமில்லாமல் போய் நுரையீரலில் தங்கிக் காய்ச்சலாக வெளிப்படும். அடிக்கடி சளி கட்டுகிறது என்று யாராவது சொன்னால், ஊட்டும் விதத்தின்மேல் சந்தேகம் வர வேண்டும்.

உட்கார வைப்பது

நம் பக்கத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து, கைக்குழந்தையைக் காலின்மேல் மல்லாக்கப் போட்டுச் சங்கிலோ பாலாடையிலோ பால் புகட்டுவார். கழுத்து நிற்காத பிள்ளைக்கு நாலு வயதிலும் ஐந்து வயதிலும் அதே முறையைத் தொடர்வதுதான் ஆபத்து. அண்ணாந்து பார்த்தபடி ஒரு வாய்த் தண்ணீரை நீங்களே விழுங்கிப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். தலை பின்னால் போனால் மூச்சுக்குழாய் திறந்துகொள்கிறது. ஊற்றுவது அங்கே போகிறது.

சரியான நிலை இது. இடுப்பு மடங்கி நேராக இருக்க வேண்டும். முட்டி மடங்க வேண்டும், பாதம் எதிலாவது ஊன்ற வேண்டும். தோள் சற்று முன்னால் வந்து, தலை நடுவில் நின்று, தாடை கொஞ்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். இடுப்பு வழுக்கினால் தலை பின்னால் போகும். அதனால் தலையைச் சரிசெய்ய நினைத்தால் இடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

விலைகொடுத்து வாங்கும் நாற்காலி இல்லாவிட்டாலும் செய்ய முடிந்தவை:

- சின்னப் பிள்ளை என்றால் அம்மா சுவரில் சாய்ந்து, முட்டியை உயர்த்தி உட்காரட்டும். பிள்ளை அம்மாவின் தொடையில் சாய்ந்து, முகம் பார்க்கும்படி உட்காரலாம்.
- வீட்டு மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்தில் உட்கார வைத்து, இருபுறமும் சுருட்டிய பழைய புடவையை முட்டுக்கொடுக்கலாம். மூலை தோளை முன்னுக்குத் தள்ளும்.
- பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் கொடுத்தால் இடுப்பு வழுக்காது. காலுக்குக் கீழே செங்கல்லோ மணையோ வையுங்கள். மார்புக்குக் குறுக்கே துணி கட்டினால் கழுத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் அரை மணி நேரம் பிள்ளை நிமிர்ந்தே இருக்கட்டும். உடனே படுக்க வைத்தால் உண்டது எதுக்களித்து மேலே வரும்.

ஊட்டுவது

ஊட்டுபவர் பிள்ளையின் கண்மட்டத்திலோ அதற்குக் கீழோ உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்துதான் வாய் திறக்கும். ஸ்பூன் குழி இல்லாமல் தட்டையாக இருக்கட்டும். கடிக்கும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு உலோகம் வேண்டாம், உடைந்துபோகும் ஐஸ்கிரீம் ஸ்பூனும் வேண்டாம். கெட்டியான, முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்பூன் நல்லது.

அரை ஸ்பூன் எடுத்து, முன்னாலிருந்து நேராகக் கொண்டுபோய், நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி வையுங்கள். உதடு மூடும்வரை பொறுத்து ஸ்பூனை நேராகவே இழுங்கள். மேல்பல்லில் தேய்த்துக் கொட்ட வேண்டாம். உதடு மூடவில்லை என்றால் ஆள்காட்டி விரலை உதட்டுக்குக் கீழும், நடுவிரலைத் தாடைக்கு அடியிலும் வைத்துத் தாங்கிக்கொடுங்கள். பிள்ளை ஸ்பூனைக் கடித்துப் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கக் கடி இறுகும். சும்மா இருங்கள், தானாக விடும்.

விழுங்கியதைக் கண்ணால் பார்த்தபின்தான் அடுத்த வாய். தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவது தெரியும். மூக்கைப் பிடிப்பதும், அழும்போது ஊற்றுவதும், தூக்கக் கலக்கத்தில் புகட்டுவதும் கூடவே கூடாது. வாய் திறந்து அழும் பிள்ளை மூச்சை உள்ளே இழுக்கும். வாயில் இருப்பதும் அதோடு போகும்.

தண்ணீருக்கு இருமும் பிள்ளை கெட்டியான கூழை ஒழுங்காக விழுங்குவது உண்டு. நீர் வேகமாக ஓடும். இந்தப் பிள்ளையின் தொண்டையோ மெதுவாகத்தான் மூடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு கஞ்சியை மேலும் நீராக்குவது எதிர்விளைவுதான் தரும். எந்தக் கெட்டியில் இருமல் இல்லையோ அதுவே அந்தப் பிள்ளையின் பதம். டம்ளரில் குடிக்கப் பழக்கும்போது, பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் மூக்கு இடிக்கும் பக்கத்தை அரைவட்டமாக வெட்டி, விளிம்பைத் தேய்த்துவிடுங்கள். தலையைப் பின்னால் சாய்க்காமலேயே கடைசி மடக்குவரை குடிக்கலாம்.

ஒரு வேளைக்கு 30 நிமிடம் போதும். அதற்குமேல் பிள்ளையும் களைக்கும், ஊட்டுபவரும் களைப்பார். மூன்று நீண்ட வேளைகளை ஐந்தாறு சின்ன வேளைகளாகப் பிரியுங்கள்.

சட்டியில் என்ன மாற்ற வேண்டும்?

அதிகம் ஊட்ட முடியாத பிள்ளைக்கு ஊட்டுகிற ஒவ்வொரு ஸ்பூனிலும் சத்து கனமாக இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிராம் அரிசி போட்ட ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் இருப்பது ஏறத்தாழ 70 கலோரிதான். அதே டம்ளர் அளவில் கெட்டிக்கூழ் இப்படிச் செய்யலாம்:

- சத்துமாவு 40 கிராம்: சுமார் 140 கலோரி
- வறுத்துத் தோல் நீக்கி நைசாக அரைத்த வேர்க்கடலை 10 கிராம்: சுமார் 55
- வெல்லம் 10 கிராம்: சுமார் 35
- எண்ணெயோ நெய்யோ 2 சின்ன ஸ்பூன்: சுமார் 80

மொத்தம் 310. டம்ளர் மாறவில்லை, ஊட்டும் நேரமும் மாறவில்லை. உள்ளே போகும் பலம் நாலு மடங்குக்கும் மேல். சத்துமாவு பால்வாடியில் கிடைக்கும். இல்லாவிட்டால் கேழ்வரகும் பொட்டுக்கடலையும் வறுத்து அரைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு இங்கே பெரிய வேலை இருக்கிறது. "எண்ணெய் சேத்தா இருமல் வரும்" என்று ஆயா சொல்லக்கூடும். பொரித்த பண்டத்தைத் தின்று வரும் தொண்டைக் கமறலை வைத்துச் சொல்வது அது. வெந்த கூழில் கலக்கும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அப்படிச் செய்யாது. ஒரு ஸ்பூனில் தொடங்கி, வயிறு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள்.

சோற்றுக்கும் அதே முறைதான். குழைந்த சோறு, கெட்டிப் பருப்பு, ஒரு ஸ்பூன் நெய், வெந்த முருங்கைக்கீரை எல்லாவற்றையும் சேர்த்து மசித்துக்கொள்ளுங்கள். முட்டையில் ஒன்றுக்கு 6 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. வேகவைத்த மஞ்சள் கரு வறண்டு தொண்டையில் ஒட்டும். குழம்பிலோ பாலிலோ குழைத்துக் கொடுங்கள். மீன் வாங்கும் வீட்டில் முள்ளுக்குப் பயந்து இந்தப் பிள்ளைக்கு மட்டும் குழம்பை ஊற்றிவிடுவார்கள். நம் கரையில் பிள்ளை பெற்றவளுக்குச் செய்துதரும் சுறாப்புட்டு இந்தப் பிள்ளைக்கும் ஏற்றது. சுறாவில் குத்தும் முள் இல்லை. நடுவில் இருக்கும் குருத்தெலும்பை எடுத்துவிட்டு உதிர்த்து, எண்ணெய் விட்டுச் சோற்றோடு பிசைந்தால் ஈரமாக இறங்கும்.

மூன்று எச்சரிக்கை. முழுக் கடலை, பொரி, திராட்சை, பட்டாணி எதுவும் வாயில் போடக் கூடாது, தொண்டையை அடைக்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவு நல்லது என்றாலும் அது கெட்டிக்கூழை இளக்கிவிடும். நீருக்கு இருமும் பிள்ளைக்குப் பதம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கடும் மெலிவில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று அதிகம் ஊட்டத் தொடங்காதீர்கள். பட்டினிக்குப் பழகிய உடம்பு அதைத் தாங்காமல் ஆபத்தாகலாம். முதலில் மருத்துவமனை.

பசியைக் கெடுக்கும் சின்ன விஷயங்கள்

*மலச்சிக்கல்.* நான்கு நாள் மலம் கழிக்காத வயிற்றில் பசி எடுக்காது. அசையாத உடம்பு, குறைந்த தண்ணீர், இறுக்கம் குறைக்கும் சில மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. நாள் முழுக்கச் சின்னச் சின்ன அளவில் நீராகாரம், கீரை, பழக்கூழ் கொடுங்கள். சாப்பிட்டபின் தாங்கிப் பிடித்து மலம் கழிக்க உட்கார வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் மருத்துவரிடம் மருந்து கேளுங்கள்.

*வலிப்பு மாத்திரை.* எக்காரணத்துக்காகவும் தாங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரை போட்டபின் பிள்ளை அசந்து தூங்கினால், சாப்பாட்டை விழித்திருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டோன் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் டி குறைந்து எலும்பு பலவீனமாகலாம். வீட்டுக்குள்ளேயே கிடக்கும் பிள்ளைக்கு வெயிலும் படாது. தினமும் கொஞ்ச நேரம் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

*பல்.* வாயில் கூழ் தங்குவதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை, வாயைத்தான் மூடிக்கொள்ளும். ஊட்டி முடித்ததும் ஈரத்துணியால் ஈறும் பல்லும் துடைத்துவிடுங்கள்.

எப்போது மருத்துவமனை?

அன்றே போக வேண்டியவை: மூச்சு வாங்குதல், காய்ச்சலோடு வேகமான மூச்சு, எதையுமே விழுங்காமல் இருத்தல், துவண்டு கிடத்தல், இரு பாதத்திலும் வீக்கம். உதடு நீலம் பாய்ந்தாலோ, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினாலோ 108ஐ அழையுங்கள்.

அந்த வாரத்துக்குள் போக வேண்டியவை: கைச்சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழ், இரண்டு மாதமாக ஏறாத எடை, ஒவ்வொரு வேளையும் புரையேறுதல், அடிக்கடி நெஞ்சுச் சளி.

முதலில் பாகூர் அரசு சுகாதார நிலையம். கரிக்கலாம்பாக்கத்தில் சமுதாய நல மையம் இருக்கிறது. அதற்கு மேல் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர். ஜிப்மர் போய்வருவது ஒரு நாள் கூலி இழக்கும் வேலை. அதனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். எடை, முட்டி உயரம், கைச்சுற்றளவு, ஒரு வேளைக்கு ஆகும் நேரம், சளி வந்த மாதங்கள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். "சரியா சாப்பிடல" என்ற சொல்லைவிட அந்தத் தாள் மருத்துவருக்கு வேகமாக வழிகாட்டும்.

வாயால் போதிய அளவு ஊட்டவே முடியாத சில பிள்ளைகளுக்கு மூக்கு வழியாகவோ வயிறு வழியாகவோ குழாய் வைக்கச் சொல்வார்கள். "கடைசி காலம் வந்துடுச்சா?" என்று வீடே கலங்கும். குழாய் என்றால் சாவு என்று பொருள் இல்லை. பிள்ளைக்குப் போராட்டமில்லாமல் சாப்பாடு போகும் இன்னொரு பாதை அது.

கேட்டு வாங்க வேண்டியவை

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்திலேயே, 1930இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கிவிட்டது. ஆனால் அந்தத் தட்டு அன்றும் இன்றும் பள்ளிக்கூடத்தில்தான் வைக்கப்படுகிறது. நடந்து போக முடியாத பிள்ளைக்கு அது தானாக வீடு வந்து சேராது. யாராவது கேட்க வேண்டும்.

- *அங்கன்வாடி.* 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைக்கும் துணை ஊட்டச்சத்து உணவு உண்டு. கடும் மெலிவு என்றால் அளவு இன்னும் கூடுதல். வர முடியாத பிள்ளையின் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டிருக்கிறது. "இந்தப் புள்ளைக்கு இல்ல" என்று யாரும் சொல்ல முடியாது.
- *ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலவாழ்வுத் திட்டம்) மருத்துவக் குழு.* 2013இல் தொடங்கிய திட்டம். பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. குழு வரும் நாளில் பிள்ளையைத் தூக்கி வரச் செய்வது உங்கள் பொறுப்பு.
- *மாற்றுத்திறனாளி அடையாள அட்டை.* உதவித்தொகை முதல் பேருந்துச் சலுகை வரை எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி. உதவித்தொகை வரும் வீட்டில், அதில் ஒரு பங்கு முட்டைக்கும் எண்ணெய்க்கும் என்று அம்மாவோடு பேசி ஒதுக்குங்கள்.
- *நிராமயா காப்பீடு.* மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. வெளிநோயாளி சிகிச்சையும் தெரபியும் இதில் அடங்கும்.
- *பள்ளி வயது.* மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இவர்களுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி தருகிறது. வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளையின் மதிய உணவுக்கு என்ன ஏற்பாடு என்று தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள்.

தெரபியும் ஊட்டும் பயிற்சியும் வேண்டுவோருக்குப் புதுச்சேரியில் 2003 முதல் சத்யா சிறப்புப் பள்ளி இயங்கிவருகிறது. வீட்டுக்கே போய்ப் பயிற்சி தரும் முறை கிராமத்தில் எப்படி நடக்கும் என்று பார்க்க விரும்பும் பணியாளர்கள், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் வேலையைத் தெரிந்துகொள்ளலாம். அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடி ஒரு கிராமத்திலிருந்து அதை வளர்த்தவர்.

ஆறு பெருகும் மாதங்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து, தென்பெண்ணைக் கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. முகாமில் எல்லோருக்கும் ஒரே சாம்பார் சாதம் கிடைக்கும். அது இந்தப் பிள்ளைக்கு இறங்காது. ஐப்பசி பிறக்கும்போதே ஒரு மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் இவற்றை எடுத்துவையுங்கள்: ஒரு வாரத்துக்குச் சத்துமாவும் கடலைப்பொடியும் வெல்லமும், சின்ன பாட்டில் எண்ணெய், பிள்ளையின் ஸ்பூனும் டம்ளரும், பத்து நாள் வலிப்பு மாத்திரை, அட்டைகளின் நகல். தூக்கித்தான் கொண்டுபோக வேண்டிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளின் பட்டியலை முன்கூட்டியே கொம்யூன் அலுவலகத்தில் கொடுத்துவையுங்கள்.

ஊட்டுபவரையும் பாருங்கள்

அம்மாவிடம் ஒரு கேள்வி தவறாமல் கேளுங்கள்: "நீ சாப்ட்டியாம்மா?" பிள்ளைக்கு ஊட்டி, வழிந்ததைத் துடைத்து, துணி அலசி முடிக்கும்போது தன் சோறு ஆறிப்போயிருக்கும். ஊட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் என்றால் அவர் படுத்துவிட்டால் பிள்ளை பட்டினி. அப்பாவுக்கோ அத்தைக்கோ ஊட்டக் கற்றுக்கொடுங்கள். ஒரு வேளையை அவர் எடுத்துக்கொண்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

நான்கு வாரத் திட்டம்

*முதல் வாரம்:* எடை, முட்டி உயரம், கைச்சுற்றளவு எடுங்கள். ஒரு வேளை சாப்பாட்டைப் பாருங்கள். ஆபத்து அறிகுறி இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் உட்காரும் நிலையை மட்டும் மாற்றுங்கள். மற்றது எதையும் தொட வேண்டாம்.

*இரண்டாம் வாரம்:* உட்காருவது பழகியிருந்தால் ஸ்பூனும் பதமும். மூக்கைப் பிடிப்பது நின்றதா?

*மூன்றாம் வாரம்:* எண்ணெய், கடலைப்பொடி. ஐந்து வேளை.

*நான்காம் வாரம்:* அதே தராசு, அதே அம்மா, அதே கழித்தல் கணக்கு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொன்னால் எதுவும் நடக்காது. ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் என்றால் ஆயாகூடச் சம்மதிப்பார்.

நான்காம் வாரம் எடை 10 கிலோவிலிருந்து 10.2 ஆகியிருந்தால் அந்த 200 கிராமை அம்மாவிடமும் ஆயாவிடமும் எண்ணாகவே சொல்லுங்கள். ஏறாவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதி, அடுத்தது மருத்துவர் என்று முடிவெடுங்கள். இரண்டில் எது நடந்தாலும் பதிவேட்டில் அந்தக் கட்டம் இனி காலியாக இருக்காது. உங்கள் பதிவேட்டை இப்போதே திறந்து, எந்தப் பெயருக்கு நேரே எண் இல்லை என்று பாருங்கள். நாளைக்குப் போக வேண்டிய வீடு அதுதான்.